மேடையில் வைத்திருந்த பால்

“தாய்ப்பாலைப் போய் யாராவது காய்ச்சுவாங்களாம்மா? உனக்கென்ன, மேடை மேல வெள்ளையா எது இருந்தாலும் தூக்கி அடுப்புல ஏத்திடுவியா? கண்ணு தெரியலையா, இல்ல வேணும்னே பண்றியா?” என்று கேட்டாள் மிருதுளா. கேட்டாள் என்று சொல்வது பெற்ற பாசம்; கத்தினாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை, அது வேறு அவள் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறது. நான் என்ன சொல்ல? “எனக்கெப்படிடி தெரியும், பால்னு இருந்துச்சு, காய்ச்சினேன்” என்றேன். “நூத்தி அம்பது எம்எல்மா. விடியக்காலைல ஒரு தடவை, ஏழு மணிக்கு ஒரு தடவை, உக்காந்து உக்காந்து எடுத்தது. முதுகு ஒடியுது எனக்கு.” சரி, ஆறவைத்துப் பாப்பாவுக்கே கொடுத்துவிடலாமே, பால் எங்கே ஓடிப்போச்சு என்று நான் ஆரம்பித்தது இரண்டாவது தப்பு. “கொதிச்சா அதுல இருக்கிற சத்தெல்லாம் செத்துடும், இதுகூடத் தெரியாதா? நீதானே ஸுவாலஜி ஃபர்ஸ்ட் கிளாஸ்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தின வேகத்தில் சுவரில் இருந்த நாள்காட்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. மிருதுளா என்று பேர் வைத்தவள் நான்தான், மிருதுவாக இருப்பாள் என்று. பேர் வைப்பதோடு தாயின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. மணி பத்தே கால். பதினொரு மணிக்கு அவளுக்குச் சென்னை ஆபீஸிலிருந்து போன் வரும். ஒன்றாம் தேதி வேலைக்குத் திரும்புகிறாளா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுவாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். அதை என்னிடம்தான் இதுவரை சொல்லவில்லை.

இந்த மேடையைப் பார்த்தாலே உடம்பு வலிக்கிறது. எட்டடி நீளக் கறுப்பு கிரானைட், வீடு கட்டும்போது நான் அடம் பிடித்துப் போட்டது. கறுப்பில் அழுக்குத் தெரியாது என்று எல்லோரும் சொன்னார்கள், மாவு சிந்தினால் ஆகாயத்தில் நட்சத்திரம் மாதிரி தெரியும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வளைகாப்புக்கு அழைத்து வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ். இப்போது பாதி மேடை அவளுடையது. ஸ்டெரிலைசர் என்று வெள்ளையாக, குண்டாக, இட்லிப்பானைக்கு வெளிநாட்டில் வாக்கப்பட்ட தங்கச்சி மாதிரி ஒன்று உட்கார்ந்து நீராவி விடுகிறது. அதன் பக்கத்தில் புல்தரை மாதிரி பச்சைப் பிளாஸ்டிக்கில் ஒரு தட்டு, அதில் பால்புட்டிகள் தலைகீழாக நின்று காய்கின்றன. அப்புறம் கெட்டில். அப்புறம் பால் எடுக்கிற அந்த பம்ப், அதன் ஒயர் என் மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சொருகப்பட்டிருக்கிறது. இருப்பது இரண்டு பிளக் பாயிண்ட், அதற்கு நடக்கிற சண்டையைப் பார்த்தால் எல்லைத் தகராறு தோற்றுவிடும். என் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? பொங்கி வழிந்து பாத்திரத்தின் கழுத்தெல்லாம் காய்ந்துபோன இட்லி மாவு, சட்னி ஒட்டிக்கொண்ட ஜார், பாதி அறுத்த சுரைக்காய், புள்ளி விழுந்த பூவன்பழம், நேற்று உரித்த பூண்டு ஒரு கிண்ணம், அதைப் பாலில் வேகவைத்து அவளுக்குக் கொடுக்கணும், பால் ஊற. சுறாவைக் கழுவி மஞ்சள் தடவி மூடி வைத்திருக்கிறேன், புட்டு செய்ய, அதுவும் பால் ஊறத்தான். ஒரு தோசை வார்க்க வேண்டுமானால் ஸ்டெரிலைசரை நகர்த்தணும், அதை நகர்த்தக் கெட்டிலை நகர்த்தணும், கெட்டிலை எங்கே நகர்த்த, என் தலையிலா? ஜம்புநாதன் காலையில் காபி குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேங்குக்குப் போகிறார், “தமயா, இதெல்லாம் எடுத்து உள்ள வெச்சா என்ன?” உள்ளே என்றால் எங்கே? இருபத்தெட்டு வருஷமாக இந்த மனுஷன் சாப்பிடுகிறார், இந்த வீட்டுச் சமையலறையில் உள்ளே என்று ஒரு இடம் கிடையாது என்பது தெரியவில்லை. எது கண்ணில் படுகிறதோ அதுதான் இருக்கிறது. உள்ளே வைத்ததை நான்தான் போய் எடுக்கணும், வெளியே வைத்ததையும் நான்தான் எடுக்கப்போகிறேன், இதில் என்ன பெரிய உள்ளே வெளியே.

அந்தப் பாலைக் காய்ச்சின சொம்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. எட்டிப் பார்க்கிறேன். ஆடை கட்டவில்லை. காய்ச்சும்போதே பார்த்தேன், நீலம் பாரித்த மாதிரி தண்ணியாக இருந்தது, பொங்கி எழும்பவும் இல்லை, ஓரத்தில் முத்து முத்தாக வந்து அடங்கிவிட்டது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பாக்கெட் பாலைத்தான் திட்டினேன். எந்தப் புண்ணியவான் தண்ணி கலக்கிறானோ, அவன் வீட்டுக் குழந்தை இதைக் குடிக்குமா என்று வாய்விட்டே சொன்னேன். குடிக்கிறது, என் வீட்டுக் குழந்தைதான் குடிக்கிறது. நல்லவேளை, ஜம்புநாதன் காபிக்கு அது போகவில்லை. போயிருந்தால் என்று நினைத்தவுடன் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றும்விட்டது. எனக்குத் தெரியாதா என்ன? புரதம் சூட்டில் திரியும். முட்டை வெள்ளை கெட்டியாவது அதனால்தான். பாலூட்டிகள் என்பவை யாவை, குட்டி ஈன்று பால் கொடுப்பவை, எடுத்துக்காட்டு தருக. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கினவள்தான் நிற்கிறாள் இங்கே, கரித்துணியோடு. ஆனால் பாலைப் பார்த்ததும் காய்ச்சுவது என்பது படிப்பில் இல்லை, கையில் இருக்கிறது. மேடையில் பால் இருந்தால் காய்ச்சணும். காய்ச்சாத பால் கண்ணில் பட்டால் கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி. பவர்கட் வந்தால் காய்ச்சு, வெயில் அடித்தால் காய்ச்சு, யார் செத்தாலும் முதலில் பாலைக் காய்ச்சிவிட்டுத்தான் அழுதிருக்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று வைத்தாலும் எத்தனை ஆயிரம் தடவை இந்தக் கை காய்ச்சியிருக்கும். அந்தக் கையைப் போய்க் கண்ணு தெரியலையா என்று கேட்டால்? அடுப்பில் ஏற்றும்போது கண்ணைக் கேட்டுக்கொண்டா ஏற்றுகிறேன்?

அதுவும் அந்தச் சொம்பில் இருந்தது. ஜம்புநாதன் மிச்சம் வைக்கிற பாலை அதில்தான் ஊற்றி வைப்பார், வேறு பாத்திரம் அவர் கண்ணுக்கு அகப்படாது. அதனால் அந்தச் சொம்பில் பால் இருந்தால் நேற்றைய மிச்சம், காய்ச்சாவிட்டால் திரிந்துவிடும், அது கணக்கு. இதை அவளிடம் சொல்லலாம். நியாயமான காரணம். கதவைத் தட்டி, இங்க பாருடி, உன் அப்பா வழக்கமா, என்று ஆரம்பிக்கலாம். ஆரம்பித்தால் அவள் அடுத்த கேள்வி கேட்பாள். அந்தச் சொம்பை எனக்குக் கொடுத்தது யாரு? நான்தான். நேற்றுச் சாயங்காலம் நான்தான் கொடுத்தேன். பாலைக் கட்டி வைக்கிற அந்தச் சின்ன உறை தீர்ந்துபோச்சு, பார்சல் நாளைக்குத்தான் வரும், புட்டியெல்லாம் ஸ்டெரிலைசரில் இருக்கு என்று அவள் நின்றபோது, அந்தச் சொம்பைக் கொதிதண்ணியில் போட்டு எடுத்து, துணிகூடப் படாமல் உதறி, இந்தா, இதுல எடுத்து வெச்சுக்கோ, எவர்சில்வர் சுத்தம் என்று கையில் கொடுத்தவள் நான். காலையில் ஏழு மணிக்குமேல் அவள் அதைக் கொண்டுவந்து மேடையில் வைத்தபோது, “ஆறட்டும்மா, அப்புறம் ஃப்ரிட்ஜுல வெக்கறேன்” என்றாள். நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உம் என்றேன். உம் என்றேனா? என்றேன். அப்படியானால் தெரியும். தெரிந்து, ஒன்பதரை மணிக்கு மறந்து, காய்ச்சினேன். மறந்தேனா? எங்கள் கான்வென்டில் சிஸ்டர் எவாஞ்சலின் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எங்கள் எல்லோரையும் தலையை டெஸ்க்கில் கவிழ்க்கச் சொல்வார், சிலுவை போட்டவள் திருநீறு பூசினவள் எல்லோரும் சேர்த்துத்தான். கண்ணை மூடு, இந்த வாரம் செய்ததை நினை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேள். தெரிந்து செய்தேனா? மனம் ஒப்பிச் செய்தேனா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் பாவம். ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றால் தவறு. எனக்கு அப்போதெல்லாம் இது பெரிய சௌகரியமாக இருந்தது. எதையும் தவறு என்கிற கட்டத்திலேயே நிறுத்திக்கொள்வேன். இப்போது டெஸ்க்குக்குப் பதில் கிரானைட். தெரிந்து செய்தேனா, தெரியும். மனம் ஒப்பியா? சிஸ்டர், அது எனக்குத் தெரியவில்லை. என் மனசு என்னைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை.

ஃப்ரீசரைத் திறந்தால் அடுக்கடுக்காக வைத்திருக்கிறாள். ஒவ்வொரு உறையிலும் தேதி, மணி, அளவு, அழகான கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்காக அவளை நான் சின்ன வயதில் எத்தனை அடித்திருக்கிறேன். என் பச்சைப் பட்டாணி, உறைய வைத்த தேங்காய்ப்பூ, மீன் டப்பா எல்லாம் வெளியேற்றப்பட்டுவிட்டன. முதலில் பார்த்தபோது என் மகள் எவ்வளவு கெட்டிக்காரி என்று பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது பால் இல்லை, நாள். ஒவ்வொரு உறையும் அவள் இல்லாத ஒரு வேளை. நாலு உறை ஒரு நாள். அவள் அங்கே சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, நான் இங்கே திருச்சியில் ஒரு உறையை எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில் மிதக்கவிட்டு, புட்டியில் ஊற்றி, புட்டியைக் கழுவி, ஸ்டெரிலைசரில் போட்டு, மறுபடியும். வெள்ளிக்கிழமை ரயிலில் வருவாள், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போவாள். மாப்பிள்ளை விஷ்வேஷ் வீடியோவில் வந்து “அத்தை, உங்களை நம்பித்தான்” என்று கும்பிடுவான், பெரிய மனுஷன். அவனைப் பெற்ற சம்பந்தியம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், வருஷத்தில் நாலு தடவை காசி. புத்திசாலி. ஐந்தாம் மாதம் குழந்தையை அப்பன் வீட்டில் கொண்டுபோய் விடுகிற சடங்கைக்கூட, “அங்கயே நல்லா இருக்கு, ஏன் அலைக்கழிக்கணும்” என்று இனிப்பாகப் பேசித் தள்ளிப்போட்டுவிட்டாள். இத்தனையும் நடந்தது. யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உறை வாங்கினார்கள், பம்ப் வாங்கினார்கள், ரயில் நேரம் பார்த்தார்கள். அம்மா பார்த்துப்பாங்க என்பது காவிரியில் தண்ணி வரும் என்பதுபோல. அதுவாவது சில வருஷம் வருவதில்லை.

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அதுதான் என்னிடம் இல்லை. வேலைக்குப் போகிறவளாக இருந்தால் சொல்லலாம். பாட்டு கிளாஸ், யோகா, மாதர் சங்கம், ஏதாவது ஒரு கர்மம் இருந்தால் சொல்லலாம். என்னோடு படித்த கிளாரா கெட்டிக்காரி. அவள் மருமகள் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது இரண்டு முட்டியையும் ஆபரேஷன் செய்துகொண்டாள். முட்டியில் பிளேட் வைத்தவளிடம் யாரும் குழந்தையை நீட்ட மாட்டார்கள். “ஏன்டி, வலிச்சுதா உனக்கு நெஜமாவே?” என்று கேட்டேன். “வலிக்காத முட்டி எங்கடி இருக்கு தமயந்தி, நம்ம வயசுல?” என்று கண்ணடித்தாள். எனக்கு முட்டி நன்றாக இருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மத்தியானம் சாப்பிட்டுக் கழுவி வைத்த பிறகு இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை இந்த வீட்டில் ஒன்றும் நடக்காமல் இருக்கும், இருந்தது, போன வருஷம்வரை. பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவேன். பாதியில் தூங்குவேன். மேடை காலியாக, ஈரத் துணியால் துடைத்தது, கறுப்பாக, குளிர்ச்சியாக இருக்கும், அதில் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன் ஒரு தடவை, யாரும் இல்லாதபோது. அதுதான் எனக்கு வேண்டியது. ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கிற காரணமா இது? ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை, மேடையில் கன்னம் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன், ஆகையால் பேத்தியைப் பார்த்துக்கொள்ள இயலாது, இப்படிக்கு. சிரிப்பார்கள். நானே சிரிப்பேன். குழந்தை மேல் ஆசை இல்லையா என்றால், இருக்கிறது, அதன் உச்சந்தலை வாசனைக்கு எதையும் கொடுத்துவிடலாம்போல இருக்கிறது, அதுதான் பயமே. கொடுத்துவிடுவேன். அப்புறம் எனக்கு அறுபது வயதாகியிருக்கும்.

அறைக்குள்ளிருந்து பம்ப் ஓடுகிற சத்தம். ஸ்டெரிலைசர் பக்கத்தில் இருந்தது எப்போது எடுத்துக்கொண்டு போனாள், நான் கவனிக்கவில்லை, ஒயரை இழுத்ததில் பூவன்பழம் இரண்டு தரையில் கிடக்கிறது. கிர்ர், விடு, கிர்ர், விடு. போனதை ஈடுகட்டப் பார்க்கிறாள். குனிந்து பழத்தை எடுத்தேன், நிமிரும்போது உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது, காதுமடல்வரை, இரண்டு வருஷமாக இந்தக் கூத்து வேறு. சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்க பால்கனிக்குப் போனேன். சிங்கில் ஊற்றக்கூடாது. தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது, செடிக்கு ஊற்றணும் என்பார்கள். கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன். மண் உறிஞ்சிக்கொண்டது, வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் நின்றது. ஊற்றின பிறகுதான் பெரியம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. தாய்ப்பால் நெருப்பைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் மார் வத்திடும். என்ன பேத்தல். மார்புக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம், ஹார்மோன் என்று ஒன்று இருக்கிறது, குழந்தை உறிஞ்ச உறிஞ்ச மூளை கட்டளை போடும், படம் வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறேன். ஆனால் பெரியம்மா படம் வரையாமலேயே ஆறு பிள்ளை பெற்றவள். திரும்பி உள்ளே வந்தால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்போதும் இவ்வளவு நேரம் ஓடாது. பத்து நிமிஷம், அதிகம் போனால் பன்னிரண்டு. இப்போது பத்தே முக்காலைத் தாண்டியாகிவிட்டது. நின்றது. “சே” என்றாள் உள்ளே. குழந்தையிடம் பேசுகிறாளா, அவளுக்குள்ளேயே பேசுகிறாளா, “முப்பதுகூட வரலடி தங்கம்” என்று கேட்டது. முப்பது. எப்போதும் எழுபது எண்பது வரும். கோபத்தில் இருந்தால் பால் இறங்காது, அது உண்மை, அது பாடத்திலேயே இருக்கிறது, கோபம் அடங்கினால் சரியாகிவிடும், ஆகிவிடும். ஆகாவிட்டால்? பால் வற்றினால் உறை நிரம்பாது. உறை நிரம்பாவிட்டால் போகமாட்டாள், இரண்டு மாதம் லீவை நீட்டுவாள். அந்த நினைப்பு வந்ததும், தெய்வமே, எனக்குள் ஒரு மூலையில் ஒருத்தி உட்கார்ந்து மூச்சுவிட்டாள், அப்பாடா என்று. அவளை நான் பார்த்துவிட்டேன். சிஸ்டர், இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பூண்டை அடுப்பில் வைத்தேன். வேறென்ன செய்ய? பாலை ஊற்றி, பூண்டைப் போட்டு, சின்னத் தீயில். இது பாக்கெட் பால்தான், இரண்டு தடவை மோந்து பார்த்தேன். பதினொரு மணி அடித்த கையோடு உள்ளே போன் அடித்தது. அவள் ஆபீஸ் குரலில் பேசினாள், அந்தக் குரலில் கோபமும் இல்லை, முதுகுவலியும் இல்லை, இஸ்திரி போட்ட குரல். “ஹாய் விவேக், சொல்லுங்க. யெஸ் யெஸ், ஒண்ணாம் தேதியே ஜாயின் பண்றேன். இல்ல இல்ல, எக்ஸ்டென்ஷன் எல்லாம் தேவைப்படாது. க்ரெஷா? அய்யோ அதெல்லாம் வேண்டாம், அம்மா இருக்காங்கல்ல. அம்மா வீட்டுலதான் இருக்காங்க, அவங்களுக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல. ஷி லவ்ஸ் இட்.” கரண்டி என் கையில் அப்படியே நின்றது. ஷி லவ்ஸ் இட். எங்கள் கான்வென்டில் அடித்தே போதித்த இங்கிலீஷ், ப்ரெசென்ட் டென்ஸ், தேர்ட் பர்சன், எஸ் விடாமல் சரியாகச் சொல்கிறாள். சொல்லிக்கொடுத்தது நான்தானே. பூண்டுப் பால் பொங்கி வந்து அடுப்பெல்லாம் வழிந்தது. தீயை அணைத்துவிட்டுத் துடைக்கக்கூட இல்லாமல் நின்றேன். உள்ளே போய்ப் போனைப் பிடுங்கி, ஹலோ விவேக், ஷி டஸ் நாட், என்று சொல்லலாம். எலக்யூஷனில் மூன்று வருஷம் பரிசு வாங்கினவள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாது, அம்மாவுக்கு மெனோபாஸ், கொஞ்சம் டென்ஷனாகிறாங்க என்று அந்த விவேக்கிடம் சொல்லியிருப்பாள்.

கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேறொன்று வந்தது, எங்கிருந்தோ, மல்லிகை வாசனை, வீட்டில் பூ இல்லை, வாங்கியே ஒரு வாரமாகிறது. இது தலையில் வைத்த மல்லிகை இல்லை, நெஞ்சில் கட்டினது. மிருதுளாவுக்கு அப்போது நாலு மாதம். எனக்கு எம்.எஸ்ஸி கடைசிப் பரீட்சை, பிராக்டிகல் வேறு பாக்கி, திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி எழுதணும், ஒன்றரை மாதம். குழந்தை அம்மாவிடம் கும்பகோணத்தில். பால் வற்ற மாத்திரை வேண்டாம், உடம்புக்கு ஆகாது என்று அம்மாவே ஒரு முழம் மல்லிகையை உதிர்த்துத் துணியில் வைத்து என் மார்பில் இறுக்கக் கட்டிவிட்டாள், மூன்று நாள், பூ வாட வாட மாற்றி மாற்றி. மூன்றாம் நாள் வற்றிவிட்டது. அந்த வாசனையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அம்மா கட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இன்றைக்கு எனக்கு இருப்பதைவிட ஐந்து வயது சின்னவள். எனக்கு இதுநாள்வரை இந்தக் கழித்தல் தோன்றவே இல்லை. நாற்பத்தெட்டு வயதுப் பொம்பளை, கடைசிப் பையன் அப்போதுதான் ஹாஸ்டலுக்குப் போனான், வீட்டில் அவளும் அப்பாவும். அவளுக்கு அந்த ஒன்றரை மாதம் என்ன வேலை இருந்தது? எங்கேயாவது போக நினைத்திருந்தாளா? உடம்பு எப்படி இருந்தது? அவள் எதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்? எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும். நான் கேட்டேனா? யோசித்துப் பார்க்கிறேன், நேர்மையாகத்தான் யோசிக்கிறேன், ஒரு வார்த்தை, ஒரு அரை வார்த்தை. “அம்மா பாத்துப்பா” என்று ஜம்புநாதனிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவளிடம் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கிளம்புகிற அன்றைக்கு, காலை ஆறு மணி பஸ், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையல்கட்டு நிலைப்படியில் வந்து நின்று, “தமயா, ஒரு நிமிஷம்” என்றாள். “பஸ்ஸு போயிடும்மா, வந்து பேசிக்கலாம்” என்றேன். வந்தேன். பேசிக்கொள்ளவில்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தது. அந்தக் காகிதம் பீரோவில் இன்ஷூரன்ஸ் பத்திரத்தோடு இருக்கிறது, அதை வைத்து ஒரு நாள்கூட ஒரு வேலையும் பார்த்ததில்லை. அம்மா போய் ஆறு வருஷம். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன சொல்ல வந்தாள்? முடியாது என்றா? குழந்தைக்குக் கிரைப் வாட்டர் வாங்கணும் என்றா? எதுவாகவும் இருக்கலாம். இது என்ன அநியாயம், கேட்காமல் போனவள் நான், அந்தப் பதிலுக்காக இப்போது மேடையோரம் நிற்கிறவளும் நான்.

போன் பேச்சு நின்றுவிட்டது. பதினொன்றே கால், இருபது. வழிந்த பூண்டுப் பாலைத் துடைத்தேன். மிச்சத்தை ஒரு டம்ளரில் ஊற்றினேன், பாதிதான் வந்தது. எடுத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனேன். கதவு சாத்தியே இருந்தது, தாழ் போட்டிருக்கமாட்டாள், தள்ளினால் திறக்கும். தள்ளவில்லை. உள்ளே ஃபேன் சத்தம். குழந்தை தூங்கியிருக்கும். அவளும் அதன் பக்கத்தில் படுத்திருப்பாள், கண்ணைத் திறந்துகொண்டு, அவள் சின்னதிலிருந்து அப்படித்தான், கோபம் வந்தால் தூங்குகிற மாதிரி கிடப்பாள், தூங்கமாட்டாள். என்ன சொல்வது என்று முன்கூட்டி யோசித்துக்கொண்டு வரவில்லை. நான் எப்போதும் யோசிக்காமல் பேசுகிறவள், அதனால்தான் எனக்கு வாய் நீளம் என்று பேர், இன்றைக்கு அந்த வாய் வரமாட்டேன் என்கிறது. “மிருது” என்றேன். விரல் முட்டியால் கதவை ஒரு தட்டுத் தட்டினேன். “மிருது, பாலைக் காய்ச்சினது என் தப்புதான்டி. காலைல நீ சொன்னே, நான் உம்முன்னேன். மறந்துட்டேனா என்னன்னு எனக்கே தெரியல.” டம்ளர் சுட்டது, கையை மாற்றினேன். “ஒண்ணாம் தேதி போறேன்னு சொன்னது கேட்டுது. போ. நல்லா போ. நான் வேண்டாங்கல.” ஃபேன் சுற்றுகிறது. கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது, அவள் புரண்டு படுத்திருக்க வேண்டும், விழித்துத்தான் இருக்கிறாள். கதவில் நெற்றியை ஒட்டினமாதிரி வைத்துக்கொண்டு, எங்கள் சிஸ்டர் கேட்டால் முணுமுணுக்காதே, தெளிவாகப் பேசு என்று சொல்லியிருப்பார், அப்படித் தெளிவாகவே சொன்னேன்: “ஆனா என்னை ஒரு தடவை கேளுடி. அம்மா, உன்னால முடியுமான்னு. சரின்னுதான் சொல்லுவேன், பயப்படாதே. கேளு.” நின்றேன். டம்ளர் ஆறிக்கொண்டிருந்தது. “கதவைத் திறக்கக்கூட வேண்டாம் மிருது. படுத்துக்கிட்டே கேளு.”